அச்சேறிய பொய்

'ஏட்டில் எழுதியிருக்கிறது!' ஒரு காலத்தில் இந்தத் தொடர் ஒன்றே போதும், எல்லா வாதங்களையும் வாயடைக்கச் செய்வதற்கு. எழுதியவன் யார், எந்தக் காலத்தவன், எவர் நலத்துக்காக எழுதினான், எழுதியதற்குச் சான்று என்ன என்று கேட்க எவருக்கும் துணிவு வரவில்லை. கேட்டவனைக் குறும்பன் என்றனர். மீண்டும் கேட்டவனைக் கொடியவன் என்றனர். கேள்வி கேட்பது குற்றமன்று, கேளாதிருப்பதே குற்றம் என்பதை மெல்ல மெல்லத்தான் இந்த நாடு கற்றது. கற்றுவிட்டோம் என்று நாம் மார்தட்டிக்கொள்ளும் இந்நாளில், பழைய தொடர் புதிய உடை உடுத்திக்கொண்டு நம் முன் வந்து நிற்கிறது. 'ஆய்விதழில் வந்திருக்கிறது!' என்கிறார்கள். உடனே நாம் கைகட்டி நிற்கிறோம்.

நிற்கலாமா? அல்லது, 'இதுவும் அதுபோன்ற புரட்டுத்தான்' என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடலாமா? இரண்டும் தவறு என்பது நம் கருத்து. ஏன் தவறு என்பதை, நடந்த கதை ஒன்றை முன்வைத்து ஆராய்வோம். கதை நடந்தது இலண்டன் மாநகரில். அதன் விலையைக் கொடுத்தவர்களோ, அந்த ஏட்டின் பெயரைக்கூடக் கேட்டறியாத ஏழை எளியவர் வீட்டுக் குழந்தைகள்.

முதலில், ஆய்விதழ் என்பது என்ன? 1665 ஆம் ஆண்டு மார்ச் திங்களில், ராயல் சொசைட்டி எனும் அறிவியற் கழகத்தின் செயலாளராக இருந்த ஹென்றி ஓல்டன்பர்க், தமக்கு வந்து குவிந்த அறிஞர்களின் கடிதங்களையும் குறிப்புகளையும் தொகுத்து ஒரு மாத ஏடாக அச்சிட்டார். அந்த ஏடு இன்றும் வெளிவருகிறது. அவர் செர்மானியர், அயல்நாட்டாரோடு ஓயாது கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார் என்பதற்காக, போர்க்காலமாகிய 1667 இல் அவரை ஐயுற்று இலண்டன் கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். அறிவைப் பரப்புவோருக்கு அரசுகள் வழங்கும் பரிசு எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலும்! அந்தக் கழகம் தனக்கெனக் கொண்ட குறிக்கோளுரை இலத்தீன் மொழியில் மூன்றே சொற்கள். எவர் வாய்ச் சொல்லையும் சொன்னார் என்பதற்காகவே ஏற்றுக்கொள்ளாதே என்பது அதன் கருத்து. குறளைப் படித்த தமிழருக்கு இந்த நெறி புதியதன்று.

ஆகவே, ஆய்விதழ் தோன்றியதே 'ஏட்டில் இருக்கிறது' என்னும் ஆணவத்தை உடைப்பதற்காக. செய்தவன் தான் செய்ததை, செய்த முறையோடு எழுத வேண்டும். படித்தவன் அதே முறையில் தானும் செய்து பார்க்க வேண்டும். ஒத்து வந்தால் ஏற்க வேண்டும். ஒத்து வராவிட்டால் அதையும் எழுத வேண்டும். எழுதியதை ஏடு வெளியிட வேண்டும். பொய் என்று தெளிந்தால், முன்பு அச்சிட்ட அதே ஏடு 'இது பொய். திரும்பப் பெறுகிறோம்' என்று ஊரறியச் சொல்ல வேண்டும். மறைநூலுக்கும் ஆய்விதழுக்கும் உள்ள வேறுபாடு இந்தக் கடைசிச் செயலில்தான் அடங்கியிருக்கிறது. மறைநூல் தன் சொல்லைத் திரும்பப் பெறுவதில்லை. திரும்பப் பெற மறுக்கும் ஆய்விதழும், எத்தனை படமும் பட்டியலும் தாங்கி வந்தாலும், மறைநூலாகவே ஆகிவிடுகிறது. நாம் சொல்ல வந்தது இதுதான். இனிக் கதைக்கு வருவோம்.

இலண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' உலகப் புகழ்பெற்ற மருத்துவ வார ஏடு. 1823 இல் தாமஸ் வேக்லி என்ற மருத்துவர் தொடங்கியது. லான்செட் என்றால் கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றும் சிறு கத்தி. மருத்துவ உலகின் ஊழல்களைக் கீறிக் காட்டுவதற்கே அந்தப் பெயரை இட்டார் அவர். அத்தகைய பரம்பரையில் வந்த ஏடு 1998 ஆம் ஆண்டு பிப்ரவரி 28 ஆம் நாள் ஓர் ஆய்வுரையை வெளியிட்டது. இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையைச் சேர்ந்த ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் அவருடன் 12 பேரும் கையொப்பமிட்டிருந்தனர். ஆராயப்பட்ட குழந்தைகள் எத்தனை பேர்? ஆயிரமா? நூறா? 12 பேர்! குடல் நோயும் மனவளர்ச்சிக் குறையும் கொண்ட 12 பிள்ளைகள். அவர்களுள் 8 பேரின் பெற்றோர் அல்லது மருத்துவர், தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடப்படும் தடுப்பூசிக்குப் பின்னரே குறை தோன்றியது என்று சொன்னார்களாம். இவ்வளவுதான் சரக்கு. ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு உண்டென்று மெய்ப்பிக்கவில்லை என அந்த ஆய்வுரையே சொல்லிற்று. ஆனால் செய்தியாளரைக் கூட்டிவைத்துப் பேசிய வேக்ஃபீல்டு, மூன்றையும் சேர்த்துப் போடுவதை நிறுத்தித் தனித்தனியே போடுவதே நல்லது என்றார். தாளில் அடக்கம்; மேடையில் ஆரவாரம்!

அச்சிடுமுன் ஆய்வுரையை ஆராயாமலா விட்டார்கள் என்று கேட்கலாம். ஆராய்ந்தார்கள். ஆய்விதழுக்கு வரும் உரையை, அத்துறை அறிந்த இருவருக்கோ மூவருக்கோ அனுப்பிக் கருத்துக் கேட்பது வழக்கம். அவர்கள் பெரும்பாலும் ஊதியமின்றி உழைப்பவர்கள். தம் சொந்த வேலைக்கு நடுவே, இரவில் கண்விழித்துப் படித்துத் திருத்தம் சொல்பவர்கள். அவர்கள் உழைப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் அவர்கள் கைக்கு வருவது தாள் மட்டுமே. மருத்துவமனைக் கட்டிலைப் பார்ப்பதில்லை; நோயாளியின் குறிப்பேட்டைப் புரட்டுவதில்லை; எழுதியவரின் வங்கிக் கணக்கைத் திறப்பதில்லை. கணக்குத் தவறு இருந்தால் கண்டுபிடிப்பார்கள். கருத்துப் பிழை இருந்தால் சுட்டுவார்கள். உள்ளதை மறைத்து இல்லாததை எழுதுபவனை, எழுத்தை மட்டும் பார்த்து எவ்வாறு பிடிப்பது? அதே இதழில், இந்த முடிவை ஐயுற்று வேறு அறிஞர் இருவர் எழுதிய கருத்துரையும் வெளியாயிற்று. ஐயம் இருந்திருக்கிறது, அச்சும் ஏறியிருக்கிறது.

இதை நாம் பெருங்குற்றமாகச் சொல்லப்போவதில்லை. ஏமாற்றப்படுதல் எவருக்கும் நேரலாம். ஏமாந்ததை அறிந்த பின் என்ன செய்தார்கள் என்பதே நம் கேள்வி.

2004 பிப்ரவரியில் பிரையன் டீர் என்னும் செய்தியாளர் 'சண்டே டைம்ஸ்' வார ஏட்டில் உண்மையின் முதல் முடிச்சை அவிழ்த்தார். தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடரத் திட்டமிட்டிருந்த வழக்கறிஞருக்காக, ஆய்வுரை வெளிவருவதற்கு ஈராண்டுகள் முன்பிருந்தே வேக்ஃபீல்டு பணியாற்றி வந்தார்! ஏழைகளின் வழக்குக்கென அரசு ஒதுக்கிய நிதியிலிருந்து 55,000 பவுன் அவரது ஆராய்ச்சிக்காக மருத்துவமனைக்கு வந்திருந்தது. இவற்றை ஏட்டாசிரியருக்கு அவர் சொல்லவில்லை. பின்னர் 2006 இல் வெளியான கணக்கோ இன்னும் பெரிது: அந்த வழக்குக்காக அவர் தமக்கெனப் பெற்ற ஊதியம் 4,35,643 பவுன், செலவுத் தொகை தனி. அதுமட்டுமா? 1997 ஆம் ஆண்டிலேயே, புதிய தட்டம்மைத் தடுப்பு மருந்தொன்றுக்கு உரிமை கோரிய விண்ணப்பத்தில் கண்டுபிடித்தவராக அவர் பெயர் இருந்தது. ஒரு கடையின் பண்டத்தில் நஞ்சு என்று கூவியவர், பக்கத்தில் தம் கடைக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

2004 மார்ச்சில், உடன் கையொப்பமிட்ட 12 பேருள் 10 பேர், தடுப்பூசி பற்றிய விளக்கத்திலிருந்து தாங்கள் விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தனர். லான்செட்டின் ஆசிரியர் ரிச்சர்டு ஹார்ட்டன், இந்தப் பண விவகாரம் முன்பே தெரிந்திருந்தால் அப்பகுதியை அச்சிட்டிருக்கமாட்டோம் என்றார். நன்று! அப்படியானால் உரையைத் திரும்பப் பெற்றாரா? இல்லை. குழந்தைகளை நடத்திய முறை பற்றியும் அவர்களைத் தேர்ந்தெடுத்த முறை பற்றியும் எழுந்த குற்றச்சாட்டுகளை ஓரிரு நாட்களில் விசாரித்து முடித்தது ஏடு. யாரிடம் விசாரித்தது? குற்றம் சாட்டப்பட்டவர்களிடமும் அவர்கள் பணியாற்றிய மருத்துவமனையிடமும்! திருட்டுப் போன வீட்டுக்காரன், ஐயத்துக்குரியவனிடமே சென்று 'நீ எடுத்தாயா?' என்று கேட்டு, 'இல்லை' என்ற விடையை வாங்கிக்கொண்டு திரும்பியது போன்ற விசாரணை. பெரும்பாலான குற்றச்சாட்டுகள் ஏற்கத்தக்கன அல்ல என்று அறிவித்துவிட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள். பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் 2007 சூலையில் விசாரணை தொடங்கியது. 217 நாட்கள் அமர்ந்து ஆராய்ந்தது. 2010 சனவரி 28 ஆம் நாள் தன் முடிவுகளைச் சொன்னது. குழந்தைகள் வரிசையாகத் தாமே வந்த நோயாளிகள் என்று ஆய்வுரை சொன்னது பொய். அறநெறிக் குழுவின் ஒப்புதல் பெற்றோம் என்றதும் பொய். தம் மகனின் பிறந்தநாள் விருந்துக்கு வந்த சிறுவர்களிடம் தலைக்கு 5 பவுன் கொடுத்து இரத்தம் எடுத்திருக்கிறார் அந்த மருத்துவர்! பலகாரம் தின்ன வந்த பிள்ளைகளிடம் ஊசி நீட்டியவர், பிள்ளைகளின் நலனுக்காகவே போராடுவதாகச் சொல்லிக்கொண்டார். ஐந்து நாள் கழித்து, பிப்ரவரி 2 ஆம் நாள், லான்செட் தன் உரையை முழுமையாகத் திரும்பப் பெற்றது. மே மாதத்தில் வேக்ஃபீல்டின் பெயர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. 2011 இல் மற்றோர் இலண்டன் மருத்துவ ஏட்டில் டீர் எழுதிய தொடர், இறுதித் திரையையும் விலக்கிற்று. 12 பேரும் முன்பு நலமாக இருந்தவர்கள் என்று உரை சொல்லியிருக்க, ஐவருக்கு ஊசிக்கு முன்பே வளர்ச்சிக் கவலைகள் இருந்தமை மருத்துவக் குறிப்புகளில் பதிவாகியிருந்தது. வேக்ஃபீல்டு இன்றும் தாம் பொய் சொல்லவில்லை என்றே சாதிக்கிறார். அதையும் பதிவு செய்கிறோம்.

1998 இல் அச்சு. 2010 இல் திரும்பப் பெறுதல். 12 குழந்தைகள், 12 ஆண்டுகள்! உண்மையின் முதல் முடிச்சு அவிழ்ந்த பின்னரும் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள், அந்தத் தாள் அறிவியலின் முத்திரையைத் தாங்கியபடி உலகை வலம் வந்தது.

இதற்கிடையே நேர்ந்தவை என்ன? இங்கிலாந்தில் 1990 களின் நடுவில் நூற்றுக்கு 92 என்ற அளவில் இருந்த இந்தத் தடுப்பூசி, 2003-04 இல் நூற்றுக்கு 80 ஆக வீழ்ந்தது. தட்டம்மை காற்றில் பரவும் நோய். நூற்றுக்கு 95 பேரேனும் காப்புப் பெற்றிருந்தால்தான் ஊர் தப்பும். இங்கிலாந்திலும் வேல்சிலும் 1998 இல் உறுதி செய்யப்பட்ட நோயாளிகள் 56 பேர். 2008 இல் 1,300 க்கும் மேல். 2006 இல் 13 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான்; 1992 க்குப் பின் அந்நாட்டில் தட்டம்மைக்குப் பலியான முதல் உயிர் அது. 2012-13 இல் வேல்சு நாட்டின் சுவான்சி வட்டாரத்தில் நோய் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பிடித்தது. ஓர் இளைஞர் மாண்டார். மறுபக்கம், உண்மையைச் சொல்லும் ஆராய்ச்சிகள் வராமலில்லை. 2002 இல் டென்மார்க் நாட்டில் 5,37,303 குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்து, ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று காட்டினர். 2019 இல் அதே நாட்டில் 6,57,461 குழந்தைகள், விடை அதுவே. 12 குழந்தைகளைப் பற்றிய ஒரு பொய்யைப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் கணக்கைக் கொண்டு துடைக்க வேண்டியதாயிற்று. இன்னும் முழுதும் துடைத்தபாடில்லை.

நம் நாட்டு நினைவு இங்கே குறுக்கிடுவதைத் தவிர்க்க முடியவில்லை. அம்மை கண்டால் ஆத்தாள் வந்தாள் என்றோம், வேப்பிலை செருகினோம், மருந்து கொடுத்தால் அவள் சினம் கொள்வாள் என்று மருத்துவரை வாசலிலேயே நிறுத்தினோம். அந்த அறியாமையை எதிர்த்துப் பகுத்தறிவாளர் பேசியபோது, அவர்கள் கையில் இருந்த ஒரே கருவி அறிவியல். 'இதோ பார், சோதித்துப் பார்த்துச் சொல்கிறார்கள்' என்று சுட்டிக்காட்ட ஓர் இடம் வேண்டும். அந்த இடம்தான் ஆய்விதழ். அம்மன் பெயரால் ஊசியை மறுத்த தாயிடம் நாம் வாதிட முடிந்தது. லான்செட்டின் பெயரால் ஊசியை மறுத்த தாயிடம் என்ன சொல்லி வாதிடுவது? அவள் மூடநம்பிக்கையாளியா? இல்லை! அறிஞர் ஏடு சொன்னதைக் கேட்டு நடந்தவள். படி, படித்தவர் சொல்லைக் கேள் என்று நாம் ஊர்தோறும் சொன்னோமே, அதன்படியே நடந்தவள். ஆய்விதழின் பொய், பூசாரியின் பொய்யைவிடக் கொடிது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமோ? பூசாரியின் பொய் அறியாதவனை ஏமாற்றுகிறது. இதுவோ, அறிய விரும்பியவனை ஏமாற்றுகிறது.

2017 பிப்ரவரியில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் எதிரான ஊசி இயக்கம் தமிழகம் உள்ளிட்ட சில பகுதிகளில் தொடங்கியபோது, கைப்பேசி வழியே வதந்திகள் காட்டுத்தீயாகப் பரவின. பெற்றோர் பலர் அஞ்சினர். குறித்த நாளை நீட்டிக்க நேர்ந்தது. அந்த வதந்திகளுக்கெல்லாம் இலண்டன் ஏடே காரணம் என்று நாம் சொல்லமாட்டோம்; அப்படிச் சொல்வது நாமே சான்றின்றிப் பேசுவதாகும். ஆனால் தடுப்பூசி என்றதும் ஐயம் என்னும் சொல் தானே வந்து ஒட்டிக்கொள்ளும் காலம் ஒன்று உலகெங்கும் உருவானதே, அதை உருவாக்கியதில் அந்த ஐந்து பக்கங்களுக்குப் பங்கில்லை என்று எவர் சொல்வார்?

இனி, ஏட்டாசிரியர்கள் பக்கமிருந்து எழும் மறுப்பைக் கேட்போம். அது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 'குற்றச்சாட்டு வந்தவுடன் திரும்பப் பெறுவதென்றால், ஆற்றல் மிக்க நிறுவனங்கள் தங்களுக்குப் பிடிக்காத ஆய்வை எல்லாம் குற்றஞ்சாட்டியே கொன்றுவிடாவா? புகையிலை முதலாளியும் மருந்து முதலாளியும் நாளைக்கே வழக்கறிஞரோடு வந்து நிற்கமாட்டார்களா? நேர்மையான ஆய்வாளனை யார் காப்பது?' என்கின்றனர். உண்மைதான். வல்லவன் குரலுக்கு அஞ்சி எளியவன் எழுத்தை அழிக்கும் ஏட்டை நாமும் வெறுப்போம். ஆனால் அச்சிட்டபடியே விட்டுவைப்பதற்கும் அழிப்பதற்கும் இடையே வழியே இல்லையா? உண்டு. 'இந்த உரைமீது ஐயம் எழுந்துள்ளது; விசாரணை நடக்கிறது; படிப்போர் கருத்தில் கொள்க' என்று உரையின் தலையிலேயே எழுதி வைக்கலாம். 2005 திசம்பரில் அமெரிக்க மருத்துவ ஏடு ஒன்று, வயாக்ஸ் என்னும் வலிநீக்கி மருந்து பற்றித் தான் 2000 இல் வெளியிட்ட ஆய்வுரைக்கு இவ்வாறே கவலைக் குறிப்பு எழுதியது. விசாரணையைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் கையில் கொடாமல் புறத்தாரிடம் கொடுக்கலாம். 1997 இலேயே, அதாவது வேக்ஃபீல்டின் உரை வருவதற்கு ஓராண்டு முன்பே, பிரிட்டன் மருத்துவ ஏட்டாசிரியர்கள் சிலர் கூடி, வெளியீட்டு அறநெறிக்கென ஒரு குழுவை அமைத்திருந்தனர். நெறி இருந்தது. நெறியை நினைவில் கொள்ள வேண்டிய நேரத்தில் மானம் குறுக்கே நின்றது.

மானம் என்றோம். திரும்பப் பெறுவது மானக்கேடு என்ற எண்ணமே இந்நோயின் வேர் என்று நமக்குத் தோன்றுகிறது. 2018 இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற அம்மையார் பிரான்சஸ் ஆர்னால்டு, 2019 இல் தாம் வெளியிட்ட ஆய்வுரை ஒன்றை 2020 சனவரியில் தாமே திரும்பப் பெற்றார். மீண்டும் செய்து பார்த்தபோது அதே முடிவு வரவில்லை. ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் சில இடங்கள் விடுபட்டிருந்தன. அந்நேரம் வேலை மிகுதியால் தாம் சரிவரக் கவனிக்கவில்லை என்று ஊரறியச் சொல்லி வருத்தம் தெரிவித்தார். அதனால் அவர் புகழ் குன்றிற்றா? அவர்பால் நமக்கிருந்த மதிப்பு மேலும் உயர்ந்தது! சொன்ன சொல்லை மாற்றாதவனே ஆண்மகன் என்று மேடையில் கைதட்டு வாங்கலாம். ஆய்வுக்கூடத்தில் அந்த ஆண்மைக்குப் பெயர் பிடிவாதம்.

லான்செட்டே பின்னாளில் வேறு விதமாக நடந்துகொண்டது என்பதையும் சொல்லாவிட்டால் நாம் நடுநிலை தவறியவராவோம். 2020 மே 22 ஆம் நாள், கொரோனா நோய்க்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து கொடுத்தால் சாவு கூடுகிறது என்ற ஆய்வுரை அதில் வந்தது. ஆறு கண்டங்கள், 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள்! கேட்டவர் மலைத்தனர். உலக நலவாழ்வு நிறுவனம் மூன்றே நாளில் அம்மருந்தைச் சோதிப்பதை நிறுத்தி வைத்தது. ஆனால் எண்களைக் கூர்ந்து பார்த்தவர்கள் திடுக்கிட்டனர். ஆஸ்திரேலியாவில் அதுவரை கொரோனாவால் இறந்ததாகப் பதிவானோர் தொகையைவிட, ஆய்வுரையில் இறந்தவர் தொகை கூடுதல்! நூற்றுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் வெளிப்படையாகக் கடிதம் எழுதினர். 'மூலக் கணக்கைக் காட்டுங்கள்' என்றனர். கணக்கைத் திரட்டியதாகச் சொன்ன சிறு நிறுவனம், தணிக்கை செய்ய வந்தவர்களுக்குக் காட்ட மறுத்தது. உரை எழுதிய நால்வருள் மூவர், இனி இதற்குப் பொறுப்பேற்கமாட்டோம் என்று விலகினர். சூன் 4 ஆம் நாள் உரை திரும்பப் பெறப்பட்டது. 13 நாட்கள்! அதே ஏடு, அதே ஆசிரியர். முன்பு 12 ஆண்டுகள், பின்பு 13 நாட்கள்.

வேறுபாடு எங்கிருந்து வந்தது? அச்சுக்கு முன் ஆராய்ந்தவர்கள் இம்முறையும் ஏமாந்தார்கள். காவல் பலப்பட்டுவிடவில்லை. ஆனால் வெளியே நின்றவர்கள் கேட்டார்கள், பலர் கேட்டார்கள், உடனே கேட்டார்கள், கேட்டது 'சான்று எங்கே?' என்ற ஒரே கேள்வி. இன்ன பேராசிரியர், இன்ன மருத்துவமனை என்ற பெருமைகள் எல்லாம் அந்தக் கேள்வியின் முன் நில்லாமல் போயின. பின்னர் அந்த ஏடு, மூலக் கணக்கை எழுதியவர்களுள் ஒருவருக்கு மேற்பட்டோர் நேரில் பார்த்துச் சரிபார்த்ததாகக் கையொப்பமிட வேண்டும் என்று விதியை மாற்றிக்கொண்டது. அவ்விதி அதற்கு முன்பு இல்லையா என்று கேட்கத்தான் தோன்றுகிறது. போகட்டும், வந்ததே.

ஏமாற்றப்பட்ட ஏடுகளைப் பற்றி இதுவரை பேசினோம். ஏமாற்றுவதற்கென்றே நடத்தப்பட்ட ஏடுகளும் உண்டு. ஆஸ்திரேலியாவில் எலும்பு, மூட்டு மருத்துவம் பற்றிய ஓர் 'ஆய்விதழ்' வந்துகொண்டிருந்தது. பார்ப்பதற்கு ஆய்விதழ், ஆசிரியர் குழுவும் உண்டு. உண்மையில் அது மெர்க் என்னும் மருந்து நிறுவனத்தின் பணத்தில் எல்சவியர் என்னும் பெரும் பதிப்பகம் அச்சிட்டுக் கொடுத்த விளம்பரத் தாள்! மருந்து வணிகரின் பணம் என்று எங்கும் குறிக்கவில்லை. 2009 இல் ஆஸ்திரேலிய நீதிமன்றத்தில் நடந்த வழக்கொன்றில் இது வெளிப்பட்டது. 2000 முதல் 2005 வரை இத்தகைய ஏடுகள் ஆறினை வெளியிட்டதாகப் பதிப்பகமே பின்னர் ஒப்புக்கொண்டது. வேடம் போட்டவன் கூத்தன் என்றால் இரசிக்கலாம். மருத்துவன் வேடம் போட்டு மருந்து விற்றால்?

நம் வீட்டுச் செய்திக்கு வருவோம். இங்கே நடப்பது வேடம்கூட அன்று, வெளிப்படையான கடை வாணிகம். முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு கொடுக்குமுன் ஆய்விதழில் ஒரு கட்டுரையேனும் வெளியாகியிருக்க வேண்டும் என்று 2009 இல் பல்கலைக்கழக மானியக் குழு விதி செய்தது. ஆசிரியர் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரைகளை எண்ணி மதிப்பெண் போட்டார்கள். நோக்கம் நல்லதாக இருக்கலாம், விளைவு? பணம் கட்டினால் ஒரு வாரத்தில் அச்சேற்றித் தரும் ஏடுகள் மழைக்காலக் காளான்களாக முளைத்தன. 2013 இல் ஜான் பொகானன் என்பவர், வேண்டுமென்றே பிழைகள் நிறைத்துப் போலி ஆய்வுரை எழுதி, கட்டணம் வாங்கும் 304 ஏடுகளுக்கு அனுப்பிப் பார்த்தார். 157 ஏடுகள் ஏற்றுக்கொண்டன! ஏற்றவற்றுள் மிகப் பல இந்தியாவிலிருந்து நடத்தப்பட்டவை என்பதைப் படித்தபோது நாம் தலைகுனிந்தோம். 2018 மே மாதத்தில் மானியக் குழு தன் ஏற்புப் பட்டியலிலிருந்து 4,305 ஏடுகளை நீக்கியது. பின்னர் வேறொரு பட்டியல் போட்டார்கள். 2025 இல் அதையும் கைவிட்டார்கள். பட்டத்துக்குமுன் கட்டுரை என்ற கட்டாயமும் 2022 இல் எடுக்கப்பட்டது.

உழவன் வீட்டில் பிறந்து, குடும்பத்திலேயே முதல்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்து, உதவித்தொகையில் வயிற்றைக் கட்டிப் படிக்கும் ஆய்வு மாணவன் இப்படிப்பட்ட ஏட்டுக்குப் பணம் கட்டினான் என்றால், அவனைக் குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏற்ற நமக்கு மனம் வரவில்லை. அவன் செய்தது சரியன்று; சரி என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அறிவை எடை போடத் தெரியாமல் தாளை எடை போட்டவர்கள் யார்? கட்டுரையைப் படித்துப் பார்க்காமல் எண்ணிப் பார்த்துப் பதவி கொடுத்தவர்கள் யார்? எண்ணுபவன் இருக்கும்வரை, எண்ணிக்கை விற்பவன் இருந்தே தீருவான்.

இது அறிஞர்களின் வீட்டு வழக்கு, நமக்கென்ன என்று ஒதுங்க வழியில்லை. வெளிநாட்டு ஆய்விதழ்களை நம் கல்வி நிலையங்களுக்கு வாங்கிக் கொடுக்க மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் என்று 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை முடிவு செய்தது. 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஏடுகள். நூல்கள் கிடைக்காமல் ஏங்கிய சிறு ஊர்க் கல்லூரி மாணவனுக்கு இது நல்வரவு, வரவேற்கிறோம். ஆனால் நெல் விற்றவனும் நெசவு நெய்தவனும் கட்டிய வரிப்பணம் அது. இத்தனை கோடி கொடுத்து வாங்குபவர், 'உங்கள் ஏட்டில் ஐயத்துக்குரிய உரை என்று புகார் வந்தால் எத்தனை நாளில் விசாரிப்பீர்கள்? யாரை வைத்து விசாரிப்பீர்கள்? முடிவை எங்கே அறிவிப்பீர்கள்?' என்று விற்பவரைக் கேட்கலாமன்றோ? அரிசி வாங்கினால் கல் பொறுக்கித் தரச் சொல்கிறோம்.

லான்செட்டின் இணையப் பக்கத்தில் இன்று அந்த 1998 ஆம் ஆண்டு உரையைத் திறந்தால், 'திரும்பப் பெறப்பட்டது' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பெழுத்தில் குறுக்கே ஓடுகிறது. நன்று. ஆனால் அந்நாளில் தாளில் வாங்கிக் கட்டடம் செய்து அடுக்கிய தொகுதிகள் உலகெங்கும் நூலகங்களில் இருக்கின்றன. அவற்றில் சிவப்பெழுத்து தானாக முளைக்காது. நம் மருத்துவக் கல்லூரி நூலகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 351 ஆம் தொகுதியை எடுங்கள், 637 ஆம் பக்கத்தைத் திறங்கள், 2010 பிப்ரவரியில் இந்த உரை திரும்பப் பெறப்பட்டது என்று ஒரு துண்டுத் தாள் எழுதி அங்கே ஒட்டுங்கள்.